ஒரு டவுட்டு, ஒரு ராத்திரி

இந்த எபிசோட்ல கோடிங் கிடையாது. ஒரே ஒரு இங்கிலீஷ் வினைச்சொல்லைப் பத்திப் பேசப் போறோம். அதனால எங்க டீமுக்கு ஒரு ராத்திரித் தூக்கம் போச்சு.

போன வருஷம் ஒரு சாயங்காலம் 6 மணி இருக்கும். சர்வர் ஒண்ணு திரும்பத் திரும்ப விழுந்துக்கிட்டே இருந்தது. எங்க டீம்ல சீனாவோட செங்டுல இருந்து வேலை செய்யற ஒருத்தங்க இருக்காங்க. அந்த சிஸ்டம் அவங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். சாட்ல ஒரே வரி போட்டாங்க: "ஐ டவுட் தேர் இஸ் எ மெமரி லீக்." அவங்க ஊர்ல அப்போ ராத்திரி எட்டரை. எழுதிட்டு லாக் ஆஃப் பண்ணிட்டாங்க.

நாங்க என்ன புரிஞ்சுக்கிட்டோம்? "மெமரி லீக் இருக்கும்னு தோணல." அவங்களே சொல்லிட்டாங்களேன்னு மெமரி பக்கமே போகாம நெட்வொர்க்கை நோண்டினோம். ராத்திரி 1 மணிக்குக் கண்டுபிடிச்சோம். மெமரி லீக்தான்.

மறுநாள் மீட்டிங்ல ஒருத்தர் கடுப்பாவே கேட்டுட்டார், "நீங்கதானே இல்லைன்னு சொன்னீங்க?" அவங்க முகம் மாறிப்போச்சு. "நான் இருக்குன்னுதானே சொன்னேன்!"

ரெண்டு பேர் மேலயும் தப்பு இல்லை. சீன மொழியில 'ஹுவாய்யி'ன்னு ஒரு வினைச்சொல் இருக்கு. 'அவருக்கு உடம்பு சரியில்லையோன்னு நினைக்கிறேன்' என்பதற்கும் அதேதான், 'அவர் திறமையில எனக்கு நம்பிக்கை இல்லை' என்பதற்கும் அதேதான். பின்னாடி என்ன வருதோ அதை வெச்சு அர்த்தம் புரிஞ்சுக்குவாங்க. இங்கிலீஷ் அதை ரெண்டாப் பிரிச்சு வெச்சிருக்கு. இருக்கும்னு நினைச்சா சஸ்பெக்ட், இருக்காதுன்னு நினைச்சா டவுட். ஹுவாய்யின்னா டவுட்னு மட்டும் மனப்பாடம் பண்ணின ஒருத்தர், சஸ்பெக்ட் வர வேண்டிய இடத்துலயும் டவுட் போடுவார். இலக்கணப் பிழை எதுவும் கண்ணுல படாது. ஆனா அர்த்தம் நேர் எதிரா மாறிடும். அதான் ஆபத்து.

ஆளைப் பத்திப் பேசும்போது இன்னும் மோசம். 'ஐ டவுட் ஹிம்'னா அவர் பேச்சை நான் நம்பலை. 'ஐ சஸ்பெக்ட் ஹிம்'னா அவர்தான் அதைச் செஞ்சிருப்பார்னு நினைக்கிறேன். முதலாவதுல நம்பிக்கைதான் போகுது. ரெண்டாவதுல அவரைக் குற்றவாளி ஆக்கிடறோம்.

ஒரு சுவாரஸ்யமான விஷயம். ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலீஷ்ல டவுட்டுக்கு 'அப்படி இருக்குமோன்னு பயப்படறது' என்கிற அர்த்தமும் இருந்தது. ஸ்காட்லாந்துப் பேச்சுல அது இன்னமும் உண்டு. அங்க ஒருத்தர் 'ஐ டவுட் இட் வில் ரெயின்'னு சொன்னா, குடை எடுத்துக்கறது நல்லது!

சரி, நாம மட்டும் என்ன ஒழுங்கா? அதே மீட்டிங்ல அவங்க இன்னொண்ணும் சொன்னாங்க. கொஞ்ச நாளைக்கு முன்னாடி அவங்க டிசைனைப் பார்த்துட்டு நான் "ஐ ஹேவ் எ டவுட்"னு ஆரம்பிச்சிருந்தேன். எனக்கு ஒரு கேள்வி இருக்குன்னு அர்த்தம், அவ்வளவுதான். நாம கிளாஸ்ல கையைத் தூக்கி டவுட் கேட்டே வளர்ந்தவங்க. அவங்களுக்கு அது 'உங்க டிசைன் மேல எனக்கு நம்பிக்கை இல்லை'ன்னு கேட்டிருக்கு. வீக்எண்ட் முழுக்க உட்கார்ந்து எல்லாத்தையும் மறுபடி செக் பண்ணியிருக்காங்க. எனக்கு ரொம்ப சங்கடமாப் போச்சு. கேள்வி கேக்கணும்னா 'ஐ ஹேவ் எ கொஸ்டின்' போதும். அன்னைக்கு நான் கத்துக்கிட்டேன்.

உண்மையில நம்ம 'சந்தேகம்'கூட ஹுவாய்யி மாதிரி ரெண்டு பக்கமும் போற வார்த்தைதான். ஆனா தமிழ்ல ஒரு சின்ன எழுத்து நம்மளைக் காப்பாத்துது. 'அவன்தான் எடுத்திருப்பான்னு சந்தேகம்.' இது சஸ்பெக்ட். 'அவன் வருவானான்னு சந்தேகம்.' இது டவுட். நடுவுல அந்த 'ஆ' வந்துச்சா பாருங்க. எழுதறதுக்கு முன்னாடி மனசுக்குள்ள தமிழ்ல ஒரு தடவை சொல்லிப் பாருங்க. 'இருக்கும்னு' வந்தா சஸ்பெக்ட், 'இருக்குமான்னு' வந்தா டவுட்.

சீனம் பேசற நண்பர்களுக்கு நான் சொல்றது இன்னும் சுலபம். சஸ்பெக்ட், டவுட் ரெண்டையும் விட்டுடுங்க. 'ஐ திங்க் இட் இஸ்', இல்லைன்னா 'ஐ டோன்ட் திங்க் இட் இஸ்'. சர்வர் விழுந்து கிடக்கும்போது அழகான இங்கிலீஷ் யாருக்கும் வேண்டாம். எங்க டீம்ல இப்போ இதுதான் வழக்கம். இன்னொண்ணும் சேர்த்துக்கிட்டோம்: யாராவது டவுட்னு எழுதினா, உடனே ஒருத்தர் திருப்பிக் கேக்கணும், "இருக்குங்கறீங்களா, இல்லைங்கறீங்களா?"

அன்னைக்கு அந்த ஒரு கேள்வியை நாங்க 6 மணிக்கே கேட்டிருந்தா, 7 மணிக்கு வீட்டுக்குப் போயிருப்போம். அவங்களும் எல்லார் முன்னாடியும் அப்படி முகம் வாடி நின்னிருக்க மாட்டாங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். டவுட் இருந்தா, சாரி, கேள்வி இருந்தா எழுதி அனுப்புங்க.