கையொப்பமிடுமுன் கேளுங்கள்!

(புத்தளம் மாவட்டக் கரையோரக் கிராமமொன்றில், கமக்காரரும் கடற்றொழிலாளரும் ஆசிரியரும் உத்தியோகத்தரும் குடும்பத்தோடு கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மேடையேறுவோர் நிலத்தைப் பற்றிப் பேசுவர். கடலைப் பற்றிப் பேசுவர். மொழியைப் பற்றிப் பேசுவர். நாம் இன்று பேச வந்திருப்பதோ மேடையில் எவரும் எடுக்கக் கூசும் ஒரு பொருள். பெண்களின் கருப்பையில் உண்டாகும் தசைக்கட்டியைப் பற்றியே பேச வந்திருக்கிறோம். வைத்தியர்கள் இதனைப் ‘பைபுரொயிட்’ என்பர்.

ஆண்கள் முன்னிலையில் இதைப் பேசலாமா எனச் சிலர் முகஞ்சுளிக்கலாம். ஆண்கள் கேட்க வேண்டும் என்பதற்காகவே இங்கு பேசுகிறோம். வைத்தியசாலைக்குப் போகும் நாளைக் குறிப்பவரும், பஸ் காசு தருபவரும், “எடுத்துவிடுங்கள் ஐயா” என்று தலையசைப்பவரும் பல வீடுகளில் ஆண்களே அன்றோ?

மறைப்பதால் வரும் கேடு

கற்பிட்டி மணல் நிலத்தில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நீர் பாய்ச்சும் பெண், புத்தளத்து உப்பளத்தில் வெயிலில் நின்று உப்பு வாரும் பெண், உடப்புக் கரையில் கருவாடு காயவைக்கும் பெண். இவர்களுள் எத்தனை பேர் மாதந்தோறும் அளவுக்கு மிஞ்சி உதிரம் பெருகினும் வாய் திறவாது வேலை செய்கின்றனர்! “பெண்ணாய்ப் பிறந்தவள் பொறுக்க வேண்டியதுதான்” என்று தாய் மகளுக்குச் சொல்லுகிறாள். மகள் தன் மகளுக்குச் சொல்லுகிறாள். உடலில் இரத்தம் வற்றி, முகம் வெளுத்து, படியேற மூச்சு வாங்கி, ஒருநாள் மயங்கி விழுந்த பின்னரே வண்டி பிடிக்கிறோம்.

மாதவிடாய் ஏழு நாளைக் கடந்து நீடித்தாலும், மணிக்கொரு தரம் துணி மாற்ற நேர்ந்தாலும், கட்டி கட்டியாக உதிரம் போனாலும், அடிவயிறு கனத்து அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருந்தாலும் அது விதியன்று. வைத்தியரிடம் காட்ட வேண்டிய குறி. மாதவிடாய் முற்றாக நின்று ஓராண்டு கழிந்தபின் சிறிதளவு உதிரம் காணினும், ஒரு வாரமும் தாமதியாது செல்லுதல் வேண்டும். அது வேறு நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

கட்டி என்பது யாது?

கருப்பை தசையாலான உறுப்பு. அத்தசையில் ஓரிடம் மிகையாய் வளர்ந்து திரண்டு உருண்டையாவதே இக்கட்டி. பயற்றங்கொட்டை அளவிலும் இருக்கும். தேங்காய் அளவிலும் இருக்கும். ஐம்பது வயதை எட்டுமுன் பத்துப் பெண்களில் ஏழு பேருக்கேனும் இது உண்டாகலாம் என ஆய்வுகள் கூறுகின்றன. அவர்களுள் பலருக்கு எத்தொல்லையும் இல்லை. ஸ்கான் செய்யும்போது தற்செயலாகவே தெரியவரும்.

இது புற்றுநோய் அன்று. கட்டி போல் தோன்றும் ஒன்று புற்றாக இருப்பது மிக மிக அரிது. பெண் உடலின் ஹோர்மோன்களால் வளர்வதாகலின், மாதவிடாய் நின்றபின் இது பெரும்பாலும் சுருங்கும். கட்டியின் பருமனைவிட அது இருக்கும் இடமே முக்கியம். கருப்பையின் உட்புறத்தே நீட்டிநிற்கும் சிறு கட்டி உதிரத்தைப் பெருக்கும். வெளிப்புறத்தே தொங்கும் பெரிய கட்டி பேசாதிருக்கும்.

வழிகள் பல

ஆகவே, ‘கட்டி இருக்கிறது’ என்ற சொல்லைக் கேட்டவுடன் ‘கருப்பையை எடுக்க வேண்டும்’ என்று முடிவு கட்டுதல் தகாது.

தொல்லை இல்லையாயின் சிகிச்சையும் வேண்டுவதில்லை. இடைக்கிடை ஸ்கான் செய்து பார்த்திருத்தலே போதும். உதிரம் மிகுமாயின், அந்த நாட்களில் மட்டும் உட்கொள்ளும் ட்ரனெக்ஸமிக் அமில மாத்திரை உண்டு. ஹோர்மோன் மாத்திரைகள் உண்டு. கருப்பையினுள் வைக்கப்பட்டுப் பல ஆண்டுகள் உதிரத்தைக் குறைக்கும் ஹோர்மோன் சாதனமும் உண்டு. கட்டியைச் சுருக்கும் ஊசி உண்டு. ஆனால் நெடுநாள் போட்டால் எலும்பு வலுவிழக்கும், நிறுத்தினால் கட்டி மீண்டும் வளரும். எனவே பெரும்பாலும் சத்திரசிகிச்சைக்கு முன் சில மாதங்களுக்கே கொடுப்பர். இவற்றோடு இரத்தச் சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையும் வேண்டும். அதனைத் தேநீரோடு விழுங்கினால் பயன் குன்றும் என்பதை நினைவிற் கொள்க.

மருந்துக்கு அடங்காவிடின், கருப்பையை விட்டுக் கட்டியை மட்டும் அகற்றும் சத்திரசிகிச்சை உண்டு. உட்புறக் கட்டியாயின் வயிற்றைக் கீறாமலே கருவாய் வழியாகக் கருவி செலுத்தி எடுக்கலாம். பிள்ளைப்பேறு நாடும் பெண்ணுக்கு இவ்வழியே பெரிதும் உகந்தது. பின்னர் வேறு கட்டிகள் தோன்றக்கூடும் என்பதையும் மறைத்தல் ஆகாது. இன்னொரு முறை, கட்டிக்கு இரத்தம் ஊட்டும் நாடியை உள்ளிருந்தே அடைப்பது. 1995இல் பாரிஸ் நகரில் ரவினா என்னும் வைத்தியரும் அவர்தம் தோழர்களும் இதனை உலகறியச் செய்தனர். இதற்குத் தனிப்பயிற்சி பெற்றவரும் கருவிகளும் வேண்டும். பிள்ளை வேண்டுவோர்க்கு இது பொதுவாக உகந்ததன்று.

இங்கிலாந்தில் விக்டர் பொனி என்ற பெயர்பெற்ற சத்திரவைத்தியர் இருந்தார். அவருடைய மனைவி இக்கட்டியின் பொருட்டே கருப்பையை இழந்தார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கட்டியை எடுத்துக் கருப்பையைக் காக்க முடியும் என்று நிலைநாட்டுவதில் அவர் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டார். 1946இல் அதன் நுட்பங்களை நூலாகவும் எழுதி வைத்தார். அவர் வீட்டுத் துயரம் பல்லாயிரம் வீடுகளுக்கு வழிகாட்டியாயிற்று.

கருப்பையை எடுப்பது தவறா?

தவறென்று நாம் கூறவில்லை. பிள்ளைகளைப் பெற்று வளர்த்துவிட்ட ஒரு தாய், மருந்தெல்லாம் உண்டும் உதிரம் அடங்காது வாடுவாளாயின், கருப்பையை எடுத்தல் அவளுக்கு மறுவாழ்வே ஆகும். அதன்பின் அக்கட்டி மீண்டும் வருவதில்லை. ஆனால் அது மீட்க முடியாத முடிவு. சூலகங்களையும் சேர்த்து எடுத்துவிட்டால், மாதவிடாய் முடிவின் தொல்லைகள் ஒரே நாளில் வந்து சேரும். எலும்பும் இதயமும் நலிவுறக்கூடும். எனவே “சூலகத்தை விட்டுவைப்பீர்களா?” என்று கேட்பது ஒவ்வொரு பெண்ணின் உரிமை.

கேளாமல் விட்டால் என்ன நேரும்? இந்தியாவில் மகாராஷ்டிர மாநிலத்துப் பீட் மாவட்டத்தைப் பாருங்கள். அங்கு கரும்பு வெட்டப் போகும் ஏழைப் பெண்கள் 82 ஆயிரம் பேரளவில் 2019இல் விசாரிக்கப்பட்டபோது, 13 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கருப்பையை எடுத்துவிட்டவர்கள் எனத் தெரியவந்தது. வேலைக்குப் போகாத நாளுக்குத் தண்டம். மாதவிடாய் வந்தால் கூலி போகும். “எடுத்துவிட்டால் தொல்லை தீரும்” என்ற பேச்சு. இளம்பெண்களும் கத்திக்கு இரையாயினர். வேறு மாநிலங்களிலும் இத்தகைய முறைப்பாடுகள் எழ, தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்கும் விதிகளை நடைமுறைப்படுத்துமாறு இந்திய உச்ச நீதிமன்றம் 2023இல் மாநிலங்களைப் பணித்தது. நம் நாட்டு வைத்தியர்மீது பழி சுமத்த இதனைக் கூறவில்லை. கூலிக்கு உழைக்கும் பெண்ணின் உடல் எவ்வளவு எளிதாக விலைபோகும் என்பதற்கே கூறினோம்.

நமது மொழியில் கேட்போம்

நமது நாட்டில் அரசாங்க வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. 35 வயது கடந்த பெண்களைச் சோதிக்கும் சுகவனிதையர் கிளினிக்குகள் 1996 முதல் நடைபெறுகின்றன. உங்கள் ஊர் மருத்துவிச்சியைக் கேட்டால் நாளும் இடமும் சொல்லுவார். சிலாபத்துக்கோ புத்தளத்துக்கோ செல்லவேண்டின், அவர் மூலமே வழி தொடங்கலாம்.

1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழியாயிற்று. சட்டப் புத்தகத்தில் உள்ள அம்மொழி, சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் தெரிவிக்கும் தாளிலும் இருத்தல் வேண்டும். புரியாத தாளில் கையொப்பமிடாதீர்கள். “எனக்கு விளங்கும்படி தமிழில் சொல்லுங்கள்” எனப் பணிவோடும் உறுதியோடும் கேளுங்கள். காணி உறுதியை வாசித்துப் பாராமல் எந்தக் கமக்காரர் கையொப்பமிடுவார்? மனைவியின் உடல் காணியினும் மலிவானதா?

ஐந்து கேள்விகளை மனத்திற் பதியுங்கள். கட்டி எங்கே உள்ளது, எவ்வளவு பெரிது? இப்போதே சிகிச்சை வேண்டுமா, பார்த்திருக்கலாமா? மருந்தால் அடக்க முடியுமா? கட்டியை மட்டும் எடுக்க இயலுமா? கருப்பையை எடுப்பதாயின் சூலகம் என்னாகும்? நல்ல வைத்தியர் இக்கேள்விகளுக்குச் சினக்கமாட்டார், மகிழ்வார்.

ஆண்களே! இன்றிரவு வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் ஒன்றைக் கேளுங்கள்: “உனக்கு உடம்பு எப்படி?” விடை வரச் சற்றுத் தாமதமாகலாம். காத்திருங்கள். தாய்மார்களே! கேட்கும் வரை நீங்கள் காத்திராதீர்கள், சொல்லுங்கள். முடிவு உங்களுடையது, அறிந்து முடிவு செய்யுங்கள்.