ஊரிலேயே ஒரு பிழைப்பு

நேயர்களே, பிழைப்புக்காக ஊரைவிட்டுப் புறப்படுவது என்பது என்ன என்பதை மும்பையிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் வாழும் தமிழர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஊரிலேயே ஒரு தொழில் இருந்திருந்தால் நாம் ஏன் புறப்பட்டிருப்போம் என்ற கேள்வி நம்மில் பலருடைய வீட்டில் எப்போதாவது எழுந்திருக்கும். அந்தக் கேள்விக்கு உள்ளூர் ஆட்சிமன்றங்கள் எந்த அளவுக்கு விடை கண்டிருக்கின்றன என்பதை ஒரு மலைக்கிராமத்தை வைத்து இன்று ஆராயலாம் என்று எண்ணுகிறேன். அந்தக் கிராமம் மறையூர்.

மறையூர் கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்தில், தேவிகுளம் வட்டத்தில் இருக்கிறது. மூணாறிலிருந்து உடுமலைப்பேட்டைக்குச் செல்லும் சாலையில், மூணாற்றுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவு. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் அமைந்திருப்பதால், மூணாற்றில் கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவமழை இங்கே வந்து சேரும்போது மெலிந்துவிடுகிறது. இங்கே ஓடும் பாம்பாறு கேரளத்து ஆறுகளில் பெரும்பாலானவற்றைப் போல மேற்கே போகாமல் கிழக்கே திரும்பி அமராவதியில் கலக்கிறது. மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்தும் சேர்ந்து அஞ்சுநாடு எனப்படும். இங்குள்ள பழங்குடிகள் பாண்டிய நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களே வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. தமிழே வீட்டு மொழி. சுற்றியுள்ள குடிகளில் முதுவரும் மலைப்புலையரும் வாழ்கிறார்கள். 1956இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது தேவிகுளம் கேரளத்தோடு நின்றது. ஆகவே, நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் போகாமலே, இருந்த இடத்திலேயே வேறு மாநிலத் தமிழரானவர்கள் இவர்கள்.

மறையூர் என்றதும் பலருக்கும் சந்தனம் நினைவுக்கு வரும். கேரளத்தில் சந்தன மரம் இயற்கைக் காடாக நிற்கும் பெயர்பெற்ற இடம் இது. வனத்துறை அந்த மரத்தைக் காவல் காக்கிறது, ஏலம் விடுகிறது, பணம் கருவூலத்துக்குப் போகிறது. இது தவறு என்று நான் சொல்லவில்லை. காவல் இல்லாதிருந்தால் காடே மிஞ்சியிராது. ஆனால் வாசலில் நிற்கும் விலையுயர்ந்த மரம் ஒன்று ஊர்மக்களின் உலைக்கு அரிசியாக மாறுவதில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு கிராமத்தில் செல்வம் இருப்பதும் அந்தக் கிராமத்தார் செல்வராக இருப்பதும் வெவ்வேறு செய்திகள். மறையூர் மக்களுக்குச் சோறு போட்டவை கரும்பும் தைலப்புல்லும்தாம்.

கரும்பை முதலில் பார்ப்போம். மறையூர் வெல்லம் கையால் உருட்டிய உருண்டை. கருமை கலந்த பழுப்பு நிறம். கரும்பை ஆலையில் ஆட்டி, சாற்றைப் பெரிய கொப்பரையில் ஊற்றிக் காய்ச்சுகிறார்கள். ஆட்டிய சக்கையே காய்ந்தபின் அடுப்புக்கு விறகாகிறது. சாறு கொதிக்கும்போது சிறிது சுண்ணாம்பு சேர்த்தால் அழுக்கு நுரையாக மேலே வரும். அதை அரித்து எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பாகு பதத்துக்கு வந்த கணத்தைக் கண்டுகொள்வதுதான் இதில் கலை. கொஞ்சம் முந்தினால் உருண்டை பிடிக்காது. கொஞ்சம் பிந்தினால் கருகும். பத்துப் பங்கு கரும்புக்கு ஏறத்தாழ ஒரு பங்கு வெல்லம் கிடைக்கும். ஓராண்டு காத்திருந்து, காட்டுயானைக்கும் பன்றிக்கும் தப்பி, வெட்டுக்கூலியும் ஆலைக்கூலியும் கொடுத்தபின் மிஞ்சுவதே உழவனின் பங்கு.

இவ்வளவு பாடுபட்டுச் செய்த வெல்லத்துக்குக் கெட்டியான ஒரு பகைவன் உண்டு. அது அதே பெயரில் விற்கும் வேறு வெல்லம். சமவெளியில் மலிவாகச் செய்த சரக்கு, மறையூர் வெல்லம் என்ற பெயரோடு சந்தைக்கு வந்துவிடுகிறது. வாங்குபவருக்கு வேறுபாடு தெரிவதில்லை. உண்மையான வெல்லத்தின் விலை கீழே இழுக்கப்படுகிறது. உழவர் சங்கங்களும் கேரள வேளாண்மைப் பல்கலைக் கழகமும் முயன்றதன் பயனாக 2019இல் மறையூர் வெல்லத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மறையூர், காந்தலூர்ப் பகுதியில் விளைந்த கரும்பில் அந்த முறைப்படி செய்தது மட்டுமே அந்தப் பெயரைத் தாங்கலாம் என்பது இதன் பொருள். சட்டம் பெயரைக் காக்கும். ஆனால் ஒவ்வொரு கடையிலும் வந்து நிற்காது.

இனி, அரசாங்கத் திட்டங்கள் எப்படி வந்தன என்று பார்ப்போம். ஏழைக்குக் கடன் கொடுத்துத் தொழில் வைத்துக்கொடுப்பது என்ற எண்ணம் நம் நாட்டில் பெரிய அளவில் செயலானது ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தோடு. 1978இல் தொடங்கிய அத்திட்டம் 1980 அக்டோபர் 2 முதல் நாட்டின் எல்லா வட்டாரங்களுக்கும் விரிந்தது. வங்கி கடன் கொடுக்கும். ஒரு பங்கை அரசாங்கம் மானியமாகத் தரும். சிறு உழவருக்குக் கால்பங்கு, குறு உழவருக்கும் கூலியாளுக்கும் மூன்றில் ஒரு பங்கு, பழங்குடியினருக்குப் பாதி. கணக்குப் பார்த்தால் தாராளமான ஏற்பாடுதான்.

நடந்தது என்ன? பசு வந்தது, தீவனம் வரவில்லை. பசு நோயுற்றபோது கால்நடை மருத்துவர் பக்கத்தில் இல்லை. பாலைக் கறந்தால் வாங்குவதற்கு ஆள் இல்லை. ஒரே ஊரில் பலருக்கும் ஒரே தொழிலைக் கொடுத்ததால் ஒருவருக்கொருவர் போட்டியானார்கள். மானியம் கிடைத்தால் போதும் என்று ஒரே பசுவையே கைமாற்றிக் காட்டிய கதைகளும் உண்டு. ஏழைக்குக் கையில் பொருள் இல்லாததே குறை என்று நினைத்தார்கள்; பொருளைச் சுற்றி இருக்க வேண்டிய தீவனம், மருத்துவம், சாலை, சந்தை என்பவற்றை மறந்தார்கள். 1999 ஏப்ரல் 1 முதல் அத்திட்டம் மற்றச் சில திட்டங்களோடு சேர்ந்து பொன்விழா கிராம சுயவேலைவாய்ப்புத் திட்டமாக மாறியது. தனி ஆளுக்கு மாறாகக் குழுவுக்குக் கடன் என்பது அதன் புதுமை. 2011இல் அதுவும் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கமாக உருமாறியது. பெயர்கள் மாறுவதில் நம் நாட்டுக்குச் சளைப்பே இல்லை. ஆனால் தனி ஆளிலிருந்து குழுவுக்கு வந்தது மெய்யான மாற்றம்.

குழு என்ற எண்ணத்துக்குத் தமிழ்நாட்டிலும் ஒரு பழைய வேர் உண்டு. 1989இல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் குழுக்கள் தொடங்கின. பின்னர் அது மகளிர் திட்டமாக மாநிலம் முழுவதும் பரவியது. 1992இல் நபார்டு வங்கி குழுக்களை வங்கிகளோடு இணைக்கத் தொடங்கியது. கேரளம் போன பாதை சற்று வேறு. அங்கே குழு ஊராட்சியோடு பின்னப்பட்டது.

1996இல் கேரளம் மக்கள் திட்டம் என்னும் இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சி அமைப்புகளின் கையில் கொடுத்தது. என்ன செய்வது என்று முதலில் கிராமசபை பேச வேண்டும். அந்தப் பணத்தில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு மகளிர்க்கென ஒதுக்கப்பட வேண்டும். 1998 மே 17 அன்று மலப்புறத்தில் பிரதமர் வாஜ்பாய் குடும்பஸ்ரீயைத் தொடங்கிவைத்தார். பத்து முதல் இருபது வீட்டுப் பெண்கள் சேர்ந்தது அயல்கூட்டம். வார்டு அளவில் அவற்றின் இணைப்பு. ஊராட்சி அளவில் ஒரு சங்கம். இன்று 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இதில் இருக்கிறார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். யார் ஏழை என்று எப்படித் தீர்மானிப்பது? வருமானச் சான்று என்று ஒரு தாளைக் கேட்டால், அதைப் பெறும் சாமர்த்தியம் ஏழைக்கு இல்லை, இருப்பவனுக்கு உண்டு. குடும்பஸ்ரீயின் தொடக்க காலத்தில் ஒன்பது அடையாளங்களை வகுத்தார்கள். நல்ல வீடு இல்லாமை, கழிப்பிடம் இல்லாமை, அருகில் குடிநீர் இல்லாமை, சம்பாதிப்பவர் ஒருவருக்கு மேல் இல்லாமை, இப்படிக் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய அடையாளங்கள். இவற்றில் நான்கு ஒரு வீட்டில் இருந்தால் அது ஏழைக் குடும்பம். எந்த அதிகாரியும் கையெழுத்திட வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கே தெரியும். அயலார் அறிவை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது சிறிய காரியம் அன்று.

அயல்கூட்டப் பெண்கள் வாரந்தோறும் கூடிச் சிறுதொகை சேமிக்கிறார்கள். அதிலிருந்தே முதலில் தங்களுக்குள் கடன் கொடுக்கிறார்கள். கொடுத்த கடன் ஒழுங்காகத் திரும்புவதைப் பார்த்த பிறகு வங்கி வருகிறது. இதைத்தான் பழைய திட்டம் தலைகீழாகச் செய்தது: முன்பெல்லாம் கடன் முதலில், பழக்கம் பிறகு, இங்கே பழக்கம் முதலில், கடன் பிறகு. நிலமில்லாப் பெண்கள் சிலர் சேர்ந்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி பயிரிடுவதும், ஊறுகாய், மாவு, தையல் எனச் சிறுதொழில் வைப்பதும் இந்த வழியில் நடக்கின்றன. எல்லாம் வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஊறுகாய் செய்யத் தெரிந்த கை எல்லாம் ஊறுகாய் விற்கத் தெரிந்த கை அன்று. ஐந்து ஊர்க் குழுக்கள் ஒரே ஊறுகாயைச் செய்தால், பழைய பசுவின் கதைதான் திரும்ப வரும்.

சந்தையைப் பற்றி மறையூரில் நடந்த ஒரு முயற்சி கவனத்துக்கு உரியது. மலைக்குடிகளில் விளைவதைக் கீழே கொண்டுவந்தால், வாங்குபவர் சொன்னதே விலை என்பது நெடுங்கால வழக்கம். சுமையை மீண்டும் மலையேற்றிக்கொண்டு போக முடியாது என்பது வாங்குபவருக்குத் தெரியும். பேரம் அங்கேயே முடிந்துவிடும். வனத்துறை இங்கே பழங்குடியினருக்காக வாரச்சந்தை ஒன்றை அமைத்தது. மரக்கிளை என்று பொருள்படும் ‘சில்லா’ என்னும் மலையாளச் சொல்லே அதன் பெயர். வியாழக்கிழமை தோறும் கூடிய அச்சந்தையில் பொருள்கள் வெளிப்படையாக ஏலத்தில் விற்றன. பலர் கேட்கும் இடத்தில் ஒருவர் மட்டும் விலையைக் கீழே அமுக்க முடியாது. இதற்கு மானியமோ கடனோ தேவைப்படவில்லை. ஒரு கூரையும் ஒரு தராசும் நேர்மையாக ஏலம் கூறும் ஓர் ஆளும் போதுமாயிருந்தன. பெரிய திட்டங்கள் பல செய்யாத காரியத்தை இது செய்தது என்பது என் கருத்து.

தைலப்புல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். புல்லை அறுத்து, பெரிய கலத்தில் அடைத்து, அடியில் நெருப்பு மூட்டினால் ஆவி எழும். அந்த ஆவியைக் குழாய் வழியே குளிர்ந்த நீரினூடே செலுத்த, எண்ணெயும் நீரும் சொட்டுச் சொட்டாக இறங்கும். எண்ணெய் மேலே மிதக்கும். அதுவே புல்தைலம். கலம் சொந்தமாக இருந்தால் கூலி வீட்டுக்கு. கலம் பிறருடையது என்றால் வாடகை அவருக்கு. பல தொழில்களில் ஏழையைத் தடுப்பது அறிவுக்குறை அன்று. இத்தகைய ஒரு பொதுக் கலம் இல்லாமைதான். ஊராட்சி செலவழிக்கத் தக்க இடம் அதுவே. உலர்த்தும் களம், ஆலைக்கொட்டகை, சாலை, தண்ணீர் ஆகியவற்றை ஒரு வீடு மட்டும் அமைத்துக்கொள்ள முடியாது.

சுயதொழில் எல்லா வறுமைக்கும் மருந்தாகாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தனித்து வாழும் முதியவரிடமும் தீரா நோயாளியிடமும் கடன் பத்திரத்தை நீட்டுவது கொடுமை. 2021இல் கேரள அரசு உள்ளாட்சிகளின் துணையோடு மிகக் கொடிய வறுமையில் உள்ள குடும்பங்களைத் தேடியபோது 64,006 குடும்பங்கள் கண்டறியப்பட்டன. அவற்றுக்கு உணவு, மருந்து, வீடு, வருமானம் எனத் தனித்தனியே திட்டம் வகுத்தார்கள். 2025 நவம்பர் 1 அன்று கொடிய வறுமை நீங்கியதாக அரசு அறிவித்தது; கணக்கெடுத்த முறையைப் பற்றிப் பொருளியல் அறிஞர் சிலரும் பழங்குடி அமைப்புகளும் கேள்வி எழுப்பினர். கேள்விகள் எழுவது நல்லதே. மலைக்குடி ஒன்றில் விடுபட்டுப்போன வீடு தலைநகரத்து விழாவில் தெரியாது.

கடைசியாக, நமக்கு நெருக்கமான ஒரு செய்தி. கிராமசபையில் பேசினால்தான் திட்டம் கிடைக்கும் என்றால், எந்த மொழியில் பேசுவது? விண்ணப்பப் படிவமும் வங்கித்தாளும் மலையாளத்தில் இருந்தால், தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பெண் யாரிடமாவது கொடுத்து நிரப்ப வேண்டும். நிரப்புகிறவர் இடைத்தரகர் ஆகிவிடுவார். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், அங்குள்ள தமிழரும் கன்னடரும் அரசாங்கத்தோடும் தங்கள் பகுதி அலுவலகங்களோடும் தங்கள் மொழியிலேயே எழுதிக்கொள்ள உரிமை தந்திருக்கிறது. உரிமை இருப்பதை அறிந்தவர் தமிழில் எழுதுகிறார்; அறியாதவர் பணம் கொடுத்து எழுதுவிக்கிறார். வேற்று மாநிலத்தில் ரேஷன் அட்டைக்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நேயர்களுக்கு இந்தச் செலவின் கணக்கு விளங்கும்.

தங்கள் நகரத்துக் கடையில் மறையூர் வெல்லம் என்று எழுதியிருந்தால், நேயர்கள் சற்று நின்று பார்க்கலாம். பளிச்சென்ற மஞ்சள் நிறமும் அச்சில் வார்த்த வடிவமும் இருந்தால் ஐயுறுங்கள். கரும்பழுப்பு நிறத்தில், கையால் உருட்டிய உருண்டையா, புவிசார் குறியீட்டு முத்திரை இருக்கிறதா என்று கடைக்காரரைக் கேளுங்கள்.