மோட்டார் காயில் எரிவது ஏன்?

(காஞ்சிபுரம் வட்டார உழவர்களிடையே ஆற்றிய உரை)



பாலாற்றுப் படுகையிலும் ஏரிகளை ஒட்டிய கிணறுகளிலும் பம்பு செட்டை நம்பியே பலர் பயிர் செய்கிறீர்கள். நவரை நெல் கதிர் வரும் தருணத்தில் மோட்டார் காயில் எரிந்தால் நட்டம் ரீவைண்டிங் கூலியோடு நிற்பதில்லை, நெல்மணியும் பதராகிறது. ஆகவே மோட்டார் சுழலும் விதத்தை அறிந்துகொள்வது அவசியம்.

1831-ஆம் ஆண்டு இலண்டனில் மைக்கேல் பாரடே ஓர் உண்மையைக் கண்டறிந்தார். கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை நுழைத்தாலும் வெளியே இழுத்தாலும் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. காந்தம் அசையாமல் இருந்தால் மின்சாரம் இல்லை. சைக்கிள் டைனமோ விளக்கு எரிவதும், சக்கரம் நின்றதும் அணைவதும் இதனால்தான்.

உங்கள் மோட்டாரின் உள்ளே சுழலும் உருளைக்கு எந்த மின்கம்பியும் கொடுக்கப்படவில்லை. அப்படியானால் அது எப்படிச் சுழல்கிறது? ஏரி மதகில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறோம் அல்லவா? அதுபோல மும்முனை மின்சாரம் மூன்று காயில்களிலும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்குகிறது. இதனால் காந்தப்புலம் உருளையைச் சுற்றிச் சுழல்கிறது. அது உருளையிலுள்ள செம்பு அல்லது அலுமினியப் பட்டைகளைக் கடக்கும்போது, அவற்றில் மின்சாரம் பிறக்கிறது. உருளையும் காந்தப்புலத்தால் இழுக்கப்பட்டு அதன் பின்னே ஓடுகிறது. புலம் நிமிடத்திற்கு 3,000 சுற்று சுழன்றால், உருளை சுமார் 2,880 சுற்றுதான் சுழலும். இரண்டும் சமமாகிவிட்டால் பட்டையில் மின்சாரம் பிறக்காது, இழுவிசையும் இராது.

ஒரு முனை அறுந்துவிட்டால் முறை கெடுகிறது. நின்றிருக்கும் மோட்டார் சுழலாமல் 'உம்' என்று உறுமும். புலம் சுற்றிச் சுழலாமல் ஒரே அச்சில் ஏறி இறங்குகிறது; உருளையும் நிற்கிறது. பட்டைகளில் மின்னோட்டம் பெருகுகிறது; அதற்கு ஈடாகக் காயிலும் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கிறது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். சில நிமிடங்களில் காயில் கருகிவிடும்.

எனவே கவனிக்க வேண்டியவை:

1. மோட்டார் உறுமினால் உடனே நிறுத்துங்கள். ஸ்டார்ட்டரைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள்.
2. பியூஸில் கைக்குக் கிடைத்த தடித்த கம்பியைக் கட்டாதீர்கள்.
3. ஓவர்லோடு ரிலேயை மோட்டார் பலகையில் குறித்துள்ள ஆம்பியர் அளவுக்கே வையுங்கள்.
4. ஒரு முனை போனால் தானே நிறுத்தும் கருவியைப் பொருத்துங்கள். ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது மிக முக்கியம்.
5. எர்த் கம்பி சரியாக உள்ளதா என்று பாருங்கள். மெயினை அணைக்காமல் எதையும் தொடாதீர்கள்.

உறுமல் மோட்டார் தரும் எச்சரிக்கை. அதைக் கேட்டு நடந்தால் மோட்டாரும் பிழைக்கும், பயிரும் பிழைக்கும்.