ஒரு காத தூரம்

(விருத்தாசலத்தில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில், 'களப்பயணமும் கற்றலும்' என்ற தலைப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் ஊர்ப் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். விருத்தம் என்றால் பழமை, அசலம் என்றால் மலை. தேவாரக் காலத்தில் இந்த ஊருக்குத் திருமுதுகுன்றம் என்று பெயர். கோயிலில் இருப்பவர் பழமலைநாதர். பெயரெல்லாம் மலை. ஆனால் ஊரில் ஏறுவதற்கு ஒரு குன்றுகூட இல்லை. மணிமுக்தா ஆறு, செங்கல் சூளை, பீங்கான் பட்டறைகள், ரயில் சந்திப்பு, எல்லாமே சமதரையில்தான். நம் பிள்ளைகளில் பலர் மலை ஏறாமலேயே பள்ளிப் படிப்பை முடித்துவிடுகிறார்கள். நானும் நாற்பது வயது வரை அப்படித்தான் இருந்தேன்.

நான் தமிழாசிரியை. சிலப்பதிகாரத்தைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். ஒருமுறை ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், கண்ணகி பூம்புகார்ல இருந்து மதுரைக்கு எத்தனை நாள் நடந்தாங்க?" என்று கேட்டாள். அவள் வீட்டில் எல்லோரும் அகல் விளக்குப் பட்டறையில் வேலை செய்பவர்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்கார்" என்று சொல்லிவிட்டேன். அவள் உட்கார்ந்தாள். அந்த ஆண்டு முழுவதும் அவள் வேறு கேள்வி கேட்கவில்லை. அது மட்டும் என் மனதில் தைத்துக்கொண்டே இருந்தது.

அவள் பள்ளியை விட்டுப் போன பிறகு, ஒரு கோடை விடுமுறையில்தான் நூலை எடுத்துப் பயண நூலாகப் படித்தேன். அப்படிப் படித்தால் சிலப்பதிகாரம் வேறொன்றாகத் தெரிகிறது. காவிரியின் வடகரை வழியே நடை, ஆற்றைக் கடந்து உறையூர், அங்கிருந்து கொடும்பாளூர். அவ்விடத்தில் மதுரைக்குப் போகும் வழி சிவபெருமானின் சூலம் போல மூன்றாகப் பிரிகிறது என்று ஒரு மறையவர் சொல்கிறார். வலப்பக்க வழி சிறுமலைப் பக்கம் போகும், இடப்பக்க வழி அழகர்மலைப் பக்கம் போகும், நடுவழியில் காட்டுத் தெய்வம் மயக்கும் என்று ஒவ்வொன்றின் நன்மை தீமைகளையும் விளக்குகிறார்.

கவுந்தியடிகளைப் பாருங்கள். அவரைத்தான் நம் இலக்கியத்தின் சிறந்த வழிகாட்டி என்பேன். சோலை வழியே போனால் கிழங்கு தோண்டிய குழிகளை உதிர்ந்த பூக்கள் மூடியிருக்கும், கால் உள்ளே போய்விடும் என்கிறார். வயல் வழியே போனால் வரப்பிலுள்ள நண்டையும் நத்தையையும் மிதித்துவிடுவோம் என்கிறார். வழியிலுள்ள இடர்களைச் சொல்கிறார், கூடவே நடக்கிறார், ஆனால் யாரையும் சுமக்கவில்லை. நடக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

தூரத்தையும் நூல் சொல்கிறது. சிறிது தூரம் நடந்ததுமே களைத்துப்போன கண்ணகி, மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். முப்பது காதம்தான், பக்கம்தான் என்கிறான் கோவலன். நாளொன்றுக்கு ஒரு காதத்துக்கு மேல் நடக்காமல், இடையிடையே தங்கித் தங்கிப் போனார்கள் என்ற குறிப்பும் இருக்கிறது. ஆக, தங்கிய நாட்களை விட்டுவிட்டாலே ஒரு மாத நடை. அந்த மாணவி கேட்ட கேள்விக்கு விடை புத்தகத்திலேயே இருந்திருக்கிறது. நான்தான் தேடவில்லை.

இந்த நூலையே வழிகாட்டியாக வைத்து நடந்த ஒருவர் நம் காலத்திலேயே இருந்தார். பேராசிரியர் சி. கோவிந்தராசனார், தஞ்சையைச் சேர்ந்தவர். பூம்புகாரிலிருந்து கோவலனும் கண்ணகியும் போன தடத்தைத் தேடி நடந்தார். மதுரைக்குப் பின் கண்ணகி வைகைக் கரையோடு மேற்கே போய் மலை ஏறினாள் என்று நூல் சொல்கிறது. அவரும் மேற்கே போனார். 1963இல், கூடலூருக்கு மேலே தமிழக, கேரள எல்லையில் உள்ள வண்ணாத்திப்பாறை மலையின் உச்சியில் இருந்த கருங்கல் இடிபாடுகளைக் கண்ணகி கோட்டம் என்று அடையாளம் கண்டார். சேரன் செங்குட்டுவன் கட்டிய கோயில் இதுதானா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பிள்ளைகளிடம் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

படித்ததும் போய்ப் பார்க்க ஆசை வந்தது. மூன்று ஆசிரியைகள் சேர்ந்து மூன்று நாள் பயணம் திட்டமிட்டோம். பூம்புகாரிலிருந்து முழுவதும் நடக்க எங்களுக்கு நாளும் இல்லை, காலும் இல்லை. ஒரு காதமாவது நடப்போம், மலையை முழுதாக ஏறுவோம் என்று முடிவு செய்தோம்.

முதல் நாள் ரயிலில் திருச்சி, அங்கிருந்து பேருந்தில் கொடும்பாளூர். அங்கே மூவர் கோயில் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் இருக்குவேளிர் மரபைச் சேர்ந்த பூதி விக்கிரமகேசரி கட்டியது. மூன்று கோயில்களில் இரண்டு நிற்கின்றன, மூன்றாவதன் அடித்தளம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. வெயில் தாழ்ந்த பிறகு தெற்கே நடக்கத் தொடங்கினோம். பாண்டிய நாட்டு வெயிலுக்கு அஞ்சி அவர்கள் நிலவில் நடந்தார்கள் என்று நூலில் படித்திருக்கிறேன். அதுவரை அது எனக்கு ஒரு வரி. அன்று மாலை, தார்ச்சாலையின் சூடு செருப்பைத் தாண்டி ஏறியபோதுதான் அந்த வரியின் பொருள் புரிந்தது. இரண்டு மணி நேரத்தில் என் குதிகாலில் கொப்புளம். கண்ணகி "மதுரை எங்கே" என்று கேட்டதைப் பேதைமை என்று வகுப்பில் விளக்கியிருக்கிறேன். அன்று நானே மூன்று முறை கேட்டேன்.

இரண்டாம் நாள் மதுரை. அழகர் ஆற்றில் இறங்கும் விழாவுக்காக ஊர் நிரம்பி வழிந்தது. அங்கிருந்து தேனி, கம்பம் வழியாகக் கூடலூர்.

மூன்றாம் நாள் சித்ரா பௌர்ணமி. கண்ணகி கோட்டத்துக்குப் பொதுமக்களை ஆண்டில் அந்த ஒரு நாள்தான் அனுமதிக்கிறார்கள். பெரியார் புலிகள் காப்பகப் பகுதி என்பதால் தேனி, இடுக்கி என இரு மாவட்ட நிர்வாகங்களும் வனத்துறையும் சேர்ந்து ஏற்பாடு செய்கின்றன. பிளாஸ்டிக் கொண்டுபோக முடியாது. குமுளி வழியாக ஜீப்பில் போகலாம், இல்லையென்றால் பளியங்குடியிலிருந்து சுமார் 6.5 கிலோமீட்டர் நடந்து ஏறலாம். நாங்கள் நடந்தோம்.

பாதி வழியில் நான் உட்கார்ந்துவிட்டேன். பாட்டியோடு வந்த பதினான்கு வயதுப் பையன் ஒருவன் என்னருகே வந்து நின்றான். "உச்சியைப் பாக்காதீங்க டீச்சர், மலைச்சுப் போயிடும். அடுத்த திருப்பத்தை மட்டும் பாருங்க" என்றான். நான் டீச்சர் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. எப்படியோ கண்டுபிடித்துவிட்டான்! எந்தப் பாறை வழுக்கும், எங்கே நிழல் இருக்கும், எங்கே காற்று வாங்கலாம் என்று சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தான். ஆண்டுதோறும் வருகிறானாம். உச்சியில் இடிந்த மதில்கள், சரிந்த கற்கள், புல்வெளி. ஒரு பக்கம் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் கண்ணுக்குக் கீழே விரிந்து கிடந்தது.

அங்கே அவனிடம், "எத்தனையாவது போகப் போறே?" என்று கேட்டேன். "பத்தாவது. ஆனா தமிழ்ல மார்க் வராது டீச்சர்." "பத்தாவதுல சிலப்பதிகாரம் இருக்கே, உனக்குத் தெரிஞ்ச கதைதானே?" என்றேன். அவன் சற்று யோசித்து, "எங்க கண்ணகியும் புத்தகத்துல வர்ற கண்ணகியும் ஒண்ணா டீச்சர்?" என்று கேட்டான்.

நண்பர்களே, அந்தக் கேள்விதான் இன்று என்னை உங்கள் முன் நிறுத்தியிருக்கிறது. அந்த மலையின் அடிவாரத்தில் வளர்கிற பிள்ளைக்கே பாடநூலும் மலையும் தனித்தனியாக இருக்கின்றன. இதில் அவன் குற்றம் எதுவும் இல்லை.

இதையொத்த ஒன்று உலகின் மறு கோடியிலும் உண்டு. தென் அமெரிக்காவின் பெரு நாட்டில், ஆண்டிஸ் மலையில், 15ஆம் நூற்றாண்டில் இன்கா மக்கள் கட்டிய மாச்சு பிச்சு நகரத்தின் இடிபாடுகள் உள்ளன. அவர்கள் போட்ட கல்பாதையிலேயே அங்கு நடந்து போகலாம். சுமார் 43 கிலோமீட்டர், நான்கு நாள். வழியில் 4,215 மீட்டர் உயரக் கணவாய் ஒன்றைக் கடக்க வேண்டும். உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் யாரையும் விடுவதில்லை. வழிகாட்டிகள், சுமைதூக்குவோர் எல்லோரையும் சேர்த்தே ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. பிப்ரவரியில் பாதையைப் பழுதுபார்க்க மூடிவிடுகிறார்கள். கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால், 1911இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து போன ஹிராம் பிங்காம் என்று பொது அறிவு நூல்கள் சொல்லும். ஆனால் அவரை மலைமேல் அழைத்துப்போனவர் மெல்ச்சோர் ஆர்த்தியாகா என்ற விவசாயி. மேலே குடும்பங்கள் அந்தப் பழைய படிக்கட்டு நிலங்களில் பயிர் செய்துகொண்டிருந்தன. இடிபாடுகளுக்குள் அவரை வழிநடத்திப் போனது அந்தக் குடும்பத்துச் சிறுவன் ஒருவன்.

சிலப்பதிகாரத்திலும் அப்படித்தான். கண்ணகியை மலைமேல் முதலில் கண்டவர்கள் குன்றக் குறவர்கள். அவர்கள் சொல்லித்தான் செங்குட்டுவனுக்கே தெரிந்தது. ஆக, இடத்தை அறிந்தவர் முதலில் அங்கே வாழ்கிறவர். எழுதுகிறவரும் கற்பிக்கிறவரும் பிறகுதான் வருகிறோம்.

அடுத்த கல்வியாண்டில் வகுப்பில் சிலவற்றைச் செய்து பார்த்தேன். செலவில்லாதவை, நீங்களும் செய்யலாம்.

முதலாவது, தமிழ்நாடு வரைபடத்தில் பூம்புகார், உறையூர், கொடும்பாளூர், மதுரை என்று புள்ளி வைத்து, நூலைப் பிடித்து அளக்கச் சொன்னேன். ஏறத்தாழ 270 கிலோமீட்டர் வந்தது. முப்பதால் வகுத்தால் ஒரு காதத்துக்கு 9. காதத்தின் அளவு இடத்துக்கு இடம் மாறியது என்பதையும் சொன்னேன். பிறகு இன்கா பாதையின் 43ஐ நான்கால் வகுத்தார்கள். நாளொன்றுக்குப் பதினொன்றுக்குச் சற்றுக் குறைவு. "டீச்சர், அங்கயும் ஏறக்குறைய ஒரு காதம்தான்!" என்று ஒருவன் கத்தினான். மனிதக் கால் எங்கும் ஒன்றுதான் என்பதை அவர்களே கண்டுகொண்டார்கள்.

இரண்டாவது, தொடக்க வகுப்புகளுக்கு ஏற்றது. பள்ளி வாசலிலிருந்து ஏதாவது ஒரு பழைய இடம் வரை அடிகளை எண்ணி நடப்பது. எங்களுக்குப் பழமலைநாதர் கோயில். பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி அதைக் கற்றளியாக்கினார். உங்கள் ஊரில் குளமோ நடுகல்லோ பழைய சாவடியோ இருக்கும். தலைமையாசிரியர் அனுமதி, பெற்றோர் ஒப்புதல், குடிநீர், முதலுதவிப் பெட்டி, புறப்படும்போதும் திரும்பும்போதும் தலை எண்ணுதல் ஆகியவை கட்டாயம். பழைய பொருள் எதைக் கண்டாலும் எடுக்காமல் அங்கேயே விட்டுவரப் பழக்குங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். வழிகாட்டி நாமாக இருக்க வேண்டாம். அந்த இடத்தை அறிந்த ஒரு பிள்ளையை, அல்லது பிள்ளையின் வீட்டாரை முன்னால் நடக்க விடுவோம். நாம் கவுந்தியடிகளைப் போலக் கூடவே நடந்தால் போதும்.

கடைசியாக ஒன்று. கார்த்திகைக்கு முன் விளக்கு வாங்கப் பட்டறைக்குப் போனபோது அந்த மாணவியைப் பார்த்தேன். அச்சிலிருந்து எடுத்த அகல்களைப் பலகையில் அடுக்கிச் சுமந்துகொண்டிருந்தாள். "நீ அன்னிக்குக் கேட்டியே, கண்ணகி எத்தனை நாள் நடந்தாங்கன்னு. ஒரு நாளைக்கு ஒரு காதம், முப்பது காதம். அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும்" என்றேன். அவள் பலகையை இறக்கி வைத்துவிட்டு, "ஒரு காதம்னா எவ்வளவு டீச்சர்?" என்று கேட்டாள். ஒன்பது கிலோமீட்டர் இருக்கும் என்றேன். சிரித்தாள். "அவ்வளவுதானா? சீசன்ல வெயிலுக்கும் சூளைக்குமா நாங்க இந்தப் பட்டறைக்குள்ளேயே அவ்வளவு நடப்போம்."

அடுத்த வாரம் என் வகுப்பை அழைத்துக்கொண்டு அங்கே போனேன். மண் எப்படி விளக்காகிறது என்று அவள் சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தாள். பிள்ளைகள் கேட்ட ஒரு கேள்வியைக்கூட அவள் தட்டிக்கழிக்கவில்லை. நான் கடைசியில் நடந்தேன்.