கோடு போடக் கற்ற கதை

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



“சீனாவில் இருந்த அனுபவத்தைப் பத்து நிமிஷம் பேசுங்க” என்றார் நம் சங்கச் செயலாளர். வியாபாரம், சாப்பாடு, பெருஞ்சுவர் பற்றிப் பேச நிறைய பேர் இருக்கிறார்கள். நான் எழுத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

2007-ல் செஜியாங் மாகாணத்து வென்லிங் நகரத்துக்கு, பம்புகளின் தரம் பார்க்கும் வேலையாகப் போனேன். பம்பு உற்பத்திக்குப் பேர் போன ஊர். நம்ம கோயம்புத்தூர் மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்களேன். கூட இருந்த மொழிபெயர்ப்பாளர் எதைக் கேட்டாலும் “எல்லாம் சரி சார்” என்பார். ஆனால் ஒவ்வொரு பம்பிலும் சோதனை செய்தவர் கையால் எழுதிய சீட்டு ஒன்று தொங்கும். நான் ஒப்புதல் கையெழுத்துப் போட்டால் அதை நம்பி இங்கே ஒரு விவசாயி கிணற்றில் பம்பை இறக்குவார். அதனால் சந்தேகம் வந்த பம்பையெல்லாம் மறுபடி ஓட்டச் சொல்லிப் பார்ப்பேன். எத்தனையைத்தான் பார்க்க முடியும்? சீட்டைப் படித்தே ஆகணும் என்று தோன்றிவிட்டது.

வீட்டுக்கார அம்மாள் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. சாயங்காலம் ஒரு மணி நேரம் கற்றுத்தர ஒப்புக்கொண்டார். முதல் வாரம் பேனாவே கிடையாது. கோட்டின் பெயரை வாயால் சொல்லிக்கொண்டே காற்றில் விரலால் எழுத வேண்டும். படுக்கைக்கோடு ஹெங். நிமிர்ந்த கோடு ஷூ. இடப்பக்கம் சாய்வது பியெ, வலப்பக்கம் சாய்வது நா, புள்ளி தியென். அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் இப்படித்தான் பழக்குகிறார்கள். எனக்கு அப்போது வயசு 43. ஜன்னல் வழியே பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ!

பிறகு கட்டம் போட்ட நோட்டு வந்தது. ‘பத்து’ என்ற எழுத்து நம் கூட்டல் குறி மாதிரியே இருக்கும். அதில் படுக்கைக்கோடு முதலில், நிமிர்ந்த கோடு அடுத்து. ‘நாடு’ என்பது ஒரு பெட்டிக்குள் இன்னொரு எழுத்து. பெட்டியின் மூன்று பக்கம் போட்டு, உள்ளே உள்ளதை எழுதி, கடைசியில்தான் அடிக்கோட்டால் மூட வேண்டும். “ஆள் உள்ளே போன பிறகுதானே கதவைச் சாத்தணும்?” என்பார் அம்மாள். ‘வாய்’ வெறும் சதுரம். பக்கம் 4, ஆனால் கோடு 3 தான். மேல்பக்கமும் வலப்பக்கமும் பேனாவை எடுக்காமல் மடிக்கும் ஒரே கோடு. அகராதியில் கோடுகளை எண்ணித்தான் எழுத்தைத் தேட வேண்டும். 4 என்று எண்ணினால் வேறு பக்கத்தில் போய் நிற்பீர்கள்.

நம்ம ‘அ’னாவை ஒரே இழுப்பில் சுழித்து விடுகிறோம். அங்கே பேனாவை எங்கே எடுப்பது என்பதுதான் படிப்பே.

எல்லாருக்கும் ஒரே வரிசை எதற்கு? வேகமாக எழுதும்போது கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எழுதுகிற வரிசைப்படியே ஒட்டும். மூன்று துளியாக இருக்க வேண்டிய தண்ணீர்க் குறி, அவசரத்தில் ஒரு புள்ளியும் ஒரு நெளிவுமாகி விடும். அச்செழுத்து மட்டும் தெரிந்தவருக்கு அது கிறுக்கல். வரிசை தெரிந்தவர், அந்தக் கை போன வழியே தன் விரலையும் ஓட்டிப் பார்த்துப் பிடித்து விடுவார். (இது ஊருக்கு ஊர் மாறும் சம்பிரதாயம்தான். ‘வலது’ என்பதைச் சீனாவில் படுக்கைக்கோட்டில் தொடங்குகிறார்கள், ஜப்பானில் சாய்வுக்கோட்டில்.)

ஏழாவது மாசம் ஒரு சீட்டின் மேல் அப்படி விரலை ஓட்டினேன். இடப்பக்கம் தண்ணீர். வலப்பக்கம் மேலே கூரை மாதிரி ஒன்று, அதற்கடியில் மழை. கூரைக்குள்ளே மழை! ‘லோவ்’, அதாவது ஒழுகுகிறது. மொத்தம் 14 கோடு. பம்பைத் திரும்பவும் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றச் சொன்னேன். சீல் ஓரத்தில் தண்ணீர் கசிந்தது. மொழிபெயர்ப்பாளர் என்னையே பார்த்தார். சீட்டு எழுதிய பையன் மட்டும் சிரித்தான். அவன் தினமும் உள்ளதை உள்ளபடிதான் எழுதி வந்திருக்கிறான்.

“ஃபோனில் தட்டினால் வராதா சார்?” என்று தம்பிகள் கேட்பீர்கள். வரும். 1958-ல் ஏற்கப்பட்ட பின்யின் முறைப்படி, ரோமன் எழுத்தில் ஒலியைத் தட்டினால் திரையில் எழுத்துகள் வரிசைகட்டி நிற்கும், பொறுக்கிக் கொள்ளலாம். ஆனால் தட்டியே பழகிய சீனர்களுக்கே பேனா எடுத்தால் எழுத்து மறக்கிறது. அதற்கு ‘திபி வாங்ஸி’ என்று ஒரு சொல்லே உண்டு. 2013-ல் சீன மத்தியத் தொலைக்காட்சி பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதும் போட்டியே நடத்தியது. அதே வருஷம் அரசு வெளியிட்ட பட்டியலில் 8,105 எழுத்துகள். அதில் முதல் நிலை மட்டும் 3,500. என் கையில் இருப்பது ஒரு 600 தேறும். 1956-ல் தொடங்கிய எளிமைப்படுத்தலில் ‘குதிரை’ 10 கோட்டிலிருந்து 3 ஆயிற்று. ‘ஒழுகல்’ பாவம், இன்னும் அதே 14.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மெக்கானிக்கல் துறை கரும்பலகையில் ‘யோங்’ என்ற எழுத்தை எழுதிக் காட்டுகிறேன். ‘என்றென்றும்’ என்று பொருள். 5 கோடுதான். ஆனால் தூரிகையின் 8 அடிப்படை அசைவுகளும் அதில் இருப்பதாகச் சொல்லிப் பழைய ஆசான்கள் அதை வைத்தே பழக்கினார்கள். பேனா வேண்டாம், விரல் போதும். வாருங்கள்.