எத்தனை ஆண்டுகளின் சராசரி?



இந்தப் பட்டமளிப்பு மேடையில் நிற்பவர்கள் வழக்கமாகக் கனவு காணச் சொல்வார்கள். நான் ஒரு பழைய கணக்கைச் சொல்ல வந்திருக்கிறேன். நீர்வளமும் சுற்றுச்சூழலும் படித்தவர்கள் நீங்கள், கணக்கென்றால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று ஒரு தைரியம்.

1922 நவம்பர் 24 அன்று, அமெரிக்காவின் சாண்டா ஃபே நகரில் ஏழு மாநிலங்களின் பிரதிநிதிகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். கொலராடோ ஆற்று நீரைப் பங்கிடும் ஒப்பந்தம் அது. பின்னாளில் அதிபரான ஹெர்பர்ட் ஹூவர்தான் பேச்சுவார்த்தைக்குத் தலைமை. மேல்வடிநிலத்துக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி, கீழ்வடிநிலத்துக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி. நமக்குப் பழகிய டிஎம்சியில் சொன்னால் ஆளுக்கு 327, மொத்தம் 653. 1944-ல் மெக்சிகோவுடன் செய்த உடன்படிக்கையில் இன்னொரு 65 சேர்ந்தது. ஆக, அந்த ஆறு ஆண்டுதோறும் ஏறத்தாழ 719 டிஎம்சி கொடுத்தாக வேண்டும் என்று காகிதத்தில் எழுதியாகிவிட்டது.

ஆறு அவ்வளவு கொடுக்கும் என்று யார் சொன்னது? அன்றைக்குக் கையில் இருந்தவை சுமார் இருபது ஆண்டு அளவீடுகள். ஆற்றைப் பிரிக்கும் இடமாகக் குறிக்கப்பட்ட லீஸ் ஃபெரியில் நீரளவு நிலையம் தொடங்கியதே 1921-ல்தான். அதற்கு முந்தைய கணக்கெல்லாம் கீழே வெகுதூரத்தில் இருக்கும் யூமா போன்ற நிலையங்களிலிருந்து அனுமானித்தது. அந்த இருபது ஆண்டுகளில் பெரும்பாலானவை நல்ல மழையும் பனியும் பெய்த ஆண்டுகள். தீபாவளி போனஸ் வந்த மாதச் சம்பளத்தைப் பார்த்து வீட்டுக்கடன் தவணை முடிவுசெய்த மாதிரி ஆயிற்று.

பாடப்புத்தகங்களில் இந்தக் கதை இங்கேயே முடிந்துவிடும். பாவம், அன்றைக்குத் தரவு போதவில்லை, அவர்களுக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தெரிந்தவர்கள் இருந்தார்கள்.

அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையில் யூஜின் க்ளைட் லாரூ என்று ஒரு நீரியலாளர் இருந்தார். படகிலும் குதிரையிலும் அந்த ஆற்றோடு அலைந்தவர். வடிநிலத்தில் பாசனத்துக்கு ஏற்ற நிலம் அத்தனைக்கும் ஆற்றில் தண்ணீர் கிடையாது என்று 1916-லேயே அறிக்கை எழுதினார். பிறகு அவர் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. அளவு நிலையங்கள் இல்லாத காலத்தில் ஆறு எப்படி ஓடியிருக்கும் என்று அறிய, பக்கத்து வடிநிலத்தில் இருக்கும் பெரும் உப்பு ஏரியின் பழைய நீர்மட்டப் பதிவுகளை எடுத்துக்கொண்டார். அந்த ஏரிக்கு வெளியேறும் வழி கிடையாது. வரத்து கூடினால் மட்டம் ஏறும், குறைந்தால் இறங்கும். ஏறி இறங்கிய கணக்கைப் பார்த்தவருக்கு, பேச்சுவார்த்தையில் அடிபடும் எண்கள் ஈரமான காலத்து எண்கள் என்று புரிந்தது. அதை 1925-ல் அச்சிலும் போட்டார். 1922 பேச்சுவார்த்தையின்போது அவர் பேச்சு எடுபடவில்லை. 1928-ல் ஜெனரல் சைபர்ட் தலைமையில் நாடாளுமன்றமே அமைத்த பொறியாளர் குழுவும் ஆற்றின் அளவு மிகையாக மதிப்பிடப்பட்டிருக்கிறது என்றது. அதே ஆண்டு டிசம்பரில் ஹூவர் அணைக்கான சட்டம் நிறைவேறியது.

ஏன் கேட்கவில்லை? ஏழு மாநிலங்களுக்கும் அணையும் கால்வாயும் வேண்டும். பெரிய எண்ணை மேசையில் வைத்தால் எல்லோரும் சிரித்த முகத்தோடு ஊர் திரும்பலாம். சிறிய எண்ணை வைத்தால் ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த வடிநிலத்தின் பழங்குடிகளை யாரும் மேசைக்கே கூப்பிடவில்லை. அவர்களுக்கான கடப்பாடுகளை இந்த ஒப்பந்தம் பாதிக்காது என்று ஒரே ஒரு வாக்கியத்தோடு முடித்துக்கொண்டார்கள். பெரிய எண் ஒன்று இருந்தால் விடுபட்டவர்களைப் பற்றி யோசிக்கத் தேவையும் இல்லை பாருங்கள்.

லாரூவை நான் தியாகியாக்கவும் விரும்பவில்லை. அணையை க்ளென் கேன்யன் என்ற பள்ளத்தாக்கில்தான் கட்ட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் அவர். தன் துறையின் மேலதிகாரிகளோடு முட்டிக்கொண்டு 1927-ல் வெளியேறினார். ஆற்றின் அளவு பற்றி அவர் சொன்னதையும் அணையின் இடம் பற்றி அவர் விரும்பியதையும் கேட்டவர்கள் ஒரே பொட்டலமாகக் கட்டி ஓரம் வைத்துவிட்டார்கள். உங்களில் ஆய்வுக்குப் போகிறவர்கள் இந்த இடத்தைக் கவனியுங்கள். அளந்து கண்டதை ஒரு தாளிலும், செய்ய வேண்டும் என்று விரும்புவதை வேறொரு தாளிலும் எழுதுவது நல்லது.

ஏரி சொன்ன பழைய ஓட்டத்தை மரங்களும் சொல்லும், இனி மரங்களுக்கு வருவோம். ஆண்ட்ரூ எல்லிகாட் டக்ளஸ் ஒரு வானியலாளர். சூரியப் புள்ளிகளின் சுழற்சி மரவளையங்களில் பதிவாகியிருக்குமா என்று தேடப்போய், மரவளைய ஆய்வு என்ற ஒரு துறையையே உண்டாக்கினார். அரிசோனா பல்கலைக்கழகத்தில் 1937-ல் அவர் தொடங்கிய ஆய்வகத்துக்குத் தற்காலிகமாகக் கால்பந்து மைதானத்தின் பார்வையாளர் மாடத்துக்கு அடியில் இடம் கொடுத்தார்கள். அந்தத் தற்காலிகம் எழுபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. (இங்கே ஆய்வக இடத்துக்காக விண்ணப்பம் போட்டிருக்கும் பேராசிரியர்கள் மனம் தளர வேண்டாம்.)

ஆற்றங்கரையில் வேரை நனைத்துக்கொண்டு சொகுசாக வளர்ந்த மரம் இந்த ஆய்வுக்கு உதவாது. பாறைச் சரிவில், மேல்மண் அதிகமில்லாத இடத்தில், அந்த வருஷத்துப் பனியையும் மழையையும் மட்டும் நம்பி நிற்கும் மரம் வேண்டும். வறண்ட ஆண்டில் அதன் வளையம் குறுகும், ஈரமான ஆண்டில் அகலும். பென்சில் கனத்துக்கு ஒரு தண்டை மரத்திலிருந்து துளைத்து எடுப்பார்கள், மரம் சாகாது. பல மரங்களின் வளைய வரிசைகளை ஒன்றோடொன்று பொருத்தி, ஆண்டு பிசகாமல் வரிசைப்படுத்துவார்கள். நீரளவு நிலையம் இருந்த காலத்து வளையங்களை நிலையத்தின் அளவீடுகளோடு ஒப்பிட்டு உறவைக் கண்டுபிடித்துவிட்டால், நிலையமே இல்லாத நூற்றாண்டுகளுக்கும் ஆற்றின் ஓட்டத்தை மதிப்பிடலாம்.

1976-ல் ஸ்டாக்டன், ஜேக்கபி இருவரும் இந்த வழியில் நானூற்றைம்பது ஆண்டுகளுக்குக் கொலராடோவை மதிப்பிட்டார்கள். கிடைத்த சராசரி 1.35 கோடி ஏக்கர்-அடி, அதாவது 588 டிஎம்சி. பின்வந்த ஆய்வுகள் இதைச் சற்று உயர்த்தின. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகள் அசாதாரணமாக ஈரமானவை என்பதில் யாரும் மாறுபடவில்லை. 719 எழுதப்பட்ட காகிதத்துக்குப் பக்கத்தில் 588 வந்து உட்கார்ந்தது. அதற்குள் அணைகள் எழும்பிவிட்டன, ஃபீனிக்ஸும் லாஸ் வேகஸும் வளர்ந்துவிட்டன. காகிதம் மாறவில்லை.

இதுவரை சொன்னது இயற்கையான ஏற்ற இறக்கம். அதன்மேல் இன்னொன்று வந்து சேர்ந்திருக்கிறது. 2000-க்குப் பிறகு அந்த ஆற்றின் சராசரி 540 டிஎம்சியை ஒட்டித்தான் இருக்கிறது. லாரூ வேலை பார்த்த அதே புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த மில்லி, டன் என்ற இருவர் 2020-ல் ஒரு விளக்கம் தந்தார்கள். மலைமேல் வெண்பனி மூடியிருக்கும்வரை அது வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். வெப்பம் கூடிப் பனிப்போர்வை சுருங்கினால் கருத்த நிலம் வெயிலை வாங்கிக்கொள்ளும், ஆவியாதல் பெருகும், ஆற்றுக்கு வருவது குறையும். ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் ஓட்டம் ஒன்பது சதவீதம் சொச்சம் குறைகிறது என்பது அவர்கள் மதிப்பீடு. பெய்வது அப்படியே இருந்தாலும் வருவது குறையலாம். 2021 ஆகஸ்டில், ஹூவர் அணையின் நீர்த்தேக்கமான மீட் ஏரிக்கு முதன்முதலாகப் பற்றாக்குறை அறிவித்தார்கள். மறு ஆண்டு கோடையில் அது கொள்ளளவில் கால் பங்கு சொச்சத்துக்கு இறங்கியது.

719 என்று சொன்னபோது உங்களில் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கவனித்தேன். 740 ஞாபகம் வந்திருக்கும். காவிரி வடிநிலத்தின் நீர் 740 டிஎம்சி என்றுதான் 2007-ல் நடுவர் மன்றம் வைத்துக்கொண்டது. தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. 2018-ல் உச்ச நீதிமன்றம் நமக்கு 404.25 என்று திருத்தியது. இந்த எண்கள் டீக்கடையில்கூடப் புழங்குகின்றன. 740-க்கு முன்னால் ஒட்டியிருக்கும் ஒரு நிபந்தனை மட்டும் புழங்குவதில்லை. அது ஐம்பது சதவீத நம்பகத்தன்மையில் கணித்த அளவு. இரண்டு ஆண்டுகளில் ஒன்றில் அதைவிடக் குறைவாகத்தான் வரும் என்று அந்த எண்ணே ஒப்புக்கொள்கிறது. அதற்கு ஆதாரமான அளவீடுகளோ 1972-க்கு முந்தியவை. அதற்குப் பிந்தைய அரை நூற்றாண்டில் மலைச்சரிவுகளில் நிலப்பயன்பாடு மாறியிருக்கிறது, போர்வெல்கள் பெருகியிருக்கின்றன.

கொலராடோவும் காவிரியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அது பனியில் ஓடும் ஆறு, இது பருவமழையில் ஓடும் ஆறு. 740 தப்பு என்றும் சொல்லவில்லை, நடுவர் மன்றம் பல தரப்பு நிபுணர்களையும் ஆண்டுக்கணக்கில் விசாரித்தது. பற்றாக்குறை ஆண்டில் விகிதப்படி குறைத்துக்கொள்ள வேண்டும் என்றும் எழுதியது. அந்த விகிதத்தை எந்த மாதத்தில், எந்த அளவீட்டைப் பார்த்து முடிவுசெய்வது என்பதில்தான் ஒவ்வொரு வறண்ட ஆண்டும் சண்டை. அது உங்கள் வேலை. கேரளத் தேக்கு மரங்களின் வளையங்களிலிருந்து பழைய பருவமழையைப் படித்தறியும் ஆய்வை புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தினர் செய்திருக்கிறார்கள். அந்த வழியில் காவிரி வடிநிலத்துக்கென்று போக வேண்டிய தூரம் இன்னும் நிறைய இருக்கிறது.

உங்களில் பலர் பொதுப்பணிக்குப் போவீர்கள், சிலர் ஆலோசனை நிறுவனங்களுக்கு, ஒரு சிலர் முனைவர் பட்டத்துக்கு. எங்கே போனாலும் ஒருநாள் மேலதிகாரி ஒருவர், “அந்த வரம்பெல்லாம் வேண்டாம், ஒரே எண்ணாகச் சொல்லுங்கள்” என்பார். அவர் கெட்டவர் இல்லை, அவருக்கு மதியம் கூட்டம் இருக்கும். எண்ணைக் கொடுங்கள். அது எத்தனை ஆண்டுகளின் சராசரி, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எத்தனை ஆண்டுகளில் அதைவிடக் குறையும் என்ற மூன்றையும் அடிக்குறிப்பில் தள்ளாமல் அதே வரியில் எழுதுங்கள். அவர் அதை அடித்துவிட்டால் அடுத்த வரைவில் மறுபடியும் எழுதுங்கள். கோப்பில் இருக்கட்டும். லாரூவின் அறிக்கைகள் நூலகத்தில் இருந்ததால்தான் தெரியாமல் நடந்தது என்ற சாக்கு இன்று செல்லாமல் போகிறது.

கொலராடோவின் பற்றாக்குறைக் காலத்துக்கென்று 2007-ல் வகுத்த விதிகள் 2026-ல் காலாவதியாகும் வகையில் எழுதப்பட்டவை. அதனால் ஏழு மாநிலங்களும் மறுபடி மேசைக்கு வர வேண்டியதாயிற்று. இந்த முறை பழங்குடிகளும் தங்களுக்கு இடம் கேட்டார்கள். எந்த எண்ணை வைத்துத் தொடங்குவது என்பதும் அங்கே ஒரு தகராறு. நேரம் கிடைத்தால் அந்தப் பேச்சுவார்த்தையைத் தொடர்ந்து படியுங்கள்.

துணைவேந்தர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். உங்கள் பெயர்களைக் கூப்பிட வேண்டும்.