ஒரு தகப்பன், ஒரு மகள், இரண்டு பாகங்கள்
(கண்டியில் நடைபெற்ற நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



காலை வணக்கத்தில் நாம் பாடிய ஞானப்பாட்டுகளில் ஒன்றின் மெட்டு, ஓஸ்கார் ஆன்ஃபெல்ட் என்ற சுவீடன் நாட்டு இசையாசிரியர் போட்டது. பத்துத் தந்திக் கித்தாருடன் ஊர் ஊராகப் போய்ப் பாடியவராம். ஓய்வு பெற்ற பிறகே இதை அறிந்தேன். நம்மவரில் அப்படி யார் என்று தேடினேன். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) கிடைத்தார்.

பள்ளிக்கூட ஆசிரியராகத் தொடங்கியவர். பின்னர் சித்த மருத்துவத்தில் சம்பாதித்தார். சம்பாதித்ததைச் சங்கீதத்தில் செலவிட்டார். 1912இல் சங்கம் அமைத்து, சொந்தச் செலவில் இசை மாநாடுகள் நடத்தினார். ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட ‘கருணாமிர்த சாகரம்’ 1917இல் வந்தது.

ஆனால் என் மனதைத் தொட்டது வேறொன்று. சிறுவயதில் கட்டுக்கலையில் ஒரு ரீச்சர் வீட்டில் பாட்டுப் படித்தேன். கீதம், வர்ணம் எல்லாம் புரியாத மொழியில். அர்த்தம் கேட்டால், “முதலில் பாடு பிள்ளை, அர்த்தம் பிறகு” என்பார். அந்தப் ‘பிறகு’ வரவேயில்லை. பண்டிதரோ பாடம் படிக்கும் பிள்ளைகளுக்கென்றே தமிழில் 96 பாட்டுகள் செய்துவைத்தார். பாடுகிற பிள்ளைக்கு விளங்கவேண்டும் என்று நினைத்த ஒருவர் இருந்திருக்கிறார்! எனக்குத்தான் தெரியாமல் போயிற்று.

1916இல் பரோடாவில் அகில இந்திய இசை மாநாடு. சுருதி இருபத்திரண்டு என்று பெரியவர்கள் சொல்லிவந்த காலத்தில், இருபத்துநான்கு என்று வாதாடப் போனார். கணக்கு சரியா பிழையா என்பதை அறிஞர்கள் தீர்க்கட்டும். நான் கவனித்தது, அதை அந்தச் சபையில் வீணையில் காட்டியவர்கள் அவர் வீட்டுப் பெண்கள் என்பதை. பெண்பிள்ளை சபையேறிப் பாடுவதையே குறைவாகப் பேசிய காலம் அது. வித்துவான்கள் நடுவே வீணையோடு உட்கார எவ்வளவு துணிவு வேண்டும்! தகப்பனும் துணிந்தவர்தான்.

மூன்று வருடத்தில் பண்டிதர் காலமானார். நூலின் இரண்டாம் பாகம் அச்சேறவில்லை. 27 வருடங்கள் கழித்து, 1946இல், அதை வெளியிட்டவர் அவருடைய மகள் மரகதவல்லி அம்மாள். அட்டையில் பெரிதாக நிற்பது தகப்பன் பெயர்தான். அவ்வளவு காலம் அந்தக் கையெழுத்துப் பிரதியைப் பூச்சி அரிக்காமல் காத்தவரை யார் நினைக்கிறோம்?

இரண்டு பாகங்களையும் நமது நூலகத்துக்கென்று கொண்டுவந்திருக்கிறேன். அதிபர் அவர்கள் பெற்றுக்கொள்ள வேண்டும்.